பாட்டியின் கட்டிலுக்கு அடியில் ஆறு டின்கள்

என் பாட்டியின் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஆறு சார்டின் டின்கள் இருக்கும். ஒரு பழைய மைலோ அட்டைப்பெட்டியில் அவற்றை அடுக்கி, மேலே ஒரு கைலித் துண்டைப் போட்டு மூடி வைத்திருப்பார். கீழே சமையலறை அலமாரியில் இருபது முப்பது டின்கள் தனியாக இருக்கும். அவை அப்பா மலிவு விற்பனையில் வாங்கி வருபவை. பசிக்கும்போது நானும் தம்பியும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் இருப்பதைத் தொட மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை.

"அது எதுக்குப் பாட்டி?" என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார். அவ்வளவுதான் பதில்.

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது எதைப் பற்றி எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். நான் படிப்பது உணவு அறிவியல். தமிழ் மலரில் மீன் டின்னைப் பற்றி எழுதினால் சிரிக்க மாட்டார்களா என்று தயங்கினேன். ஆனால் நம்மில் விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களில் சார்டின் டின்னைத் திறக்காதவர் எத்தனை பேர்? மாதக் கடைசியில் நம்மைக் காப்பாற்றுவது உதவித்தொகையா, சார்டினா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! அதனால் துணிந்து எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. பாட்டியிடம் நான் ஒரு நாள் சொன்ன ஒரு வாக்கியம் நான்கு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் சேராமல் மழைநீரோடு வழிந்துவிடும். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆண்டுக் கடைசி மழையில் வாரக் கணக்கில் லயத்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நாள்களுக்காகப் பாட்டி சீனர் கடையில் 555 புத்தகத்தில் கணக்கு எழுதி ஒன்றிரண்டு சார்டின் டின் வாங்கி ஒளித்து வைப்பாராம். நீள டின்னில் நான்கைந்து மீன்தான் இருக்கும். வீட்டில் ஒன்பது பேர். வெங்காயமும் உருளைக்கிழங்கும் அள்ளிப் போட்டு, புளி கரைத்து ஊற்றி, கறியை ஒரு சட்டி நிறையப் பெருக்கிவிடுவார். மீன் யாருக்குக் கிடைத்தது என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சேவல் படம் போட்ட டின்னைத்தான் பாட்டி இன்றும் கேட்பார். 1892இல் சிங்கப்பூரில் அல்பிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய நிறுவனம் அது. பெயரை வாயில் நுழைக்க முடியாத நம் மக்கள் படத்தைப் பார்த்து 'சாப் ஆயாம்' என்று கேட்கப் போய், கடைசியில் அதுவே அதன் பெயராகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூடப் படத்தைக் காட்டி வாங்கியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

டின் விஷயத்தில் பாட்டிக்குச் சில கட்டாயங்கள் உண்டு. வாங்கும்போது மேல்மூடியையும் அடிமூடியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் வைத்துவிடுவார். விளிம்பில் நசுங்கியதை எடுக்கமாட்டார். இழுத்துத் திறக்கிற வளையம் வைத்த டின்னை அவர் நம்புவதே இல்லை. ஒரு முறை வளையம் கையோடு வந்துவிட்டதால் வந்த கோபம் அது. முக்கியமானது ஒன்று உண்டு. டின்னைத் திறந்தால் அந்த வேளைக்கே முடித்துவிட வேண்டும். "தெறந்த டின்னுக்கு ராத்திரி கெடயாது" என்பார். தோட்டத்தில் ஐஸ் பெட்டி இல்லாத காலத்துப் பழக்கம் என்று நாங்கள் கேலி செய்வோம். எங்கள் வீட்டில்தான் ஐஸ் பெட்டி இருக்கிறதே! பாதி டின் மிஞ்சினால் அம்மா அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து அப்படியே உள்ளே வைத்துவிடுவார். மூன்று நாள் கழித்து அதை எடுத்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வோம். லேசாக இரும்பு வாடை வீசும். அதைச் சார்டினின் இயற்கையான ருசி என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறது. 2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் தண்ணீர் வாசலுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் கூடத்துக்கு வந்தது. பிறகு படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. எனக்கு அப்போது 18 வயது. தள்ளிப் போய்க்கொண்டிருந்த எஸ்.பி.எம். தேர்வுக்கு என் புத்தகங்கள் எல்லாம் கூடத்து மேசையில் இருந்தன. அப்பாவும் தம்பியும் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கினார்கள். அம்மா அடையாளக்கார்டு, பிறப்புப் பத்திரம் வைத்திருந்த பையைத் தூக்கினார். நான் புத்தகங்களில் பாதியைத் தூக்கினேன். சாப்பாட்டைத் தூக்க வேண்டும் என்று எங்கள் நால்வருக்கும் தோன்றவில்லை. மின்சாரம் போனது. இருட்டில் மாடி அறையில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். கீழே ஐஸ் பெட்டி மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் பாட்டி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்த மைலோ பெட்டியை இழுத்தார்.

ஆறு டின்கள். பெட்டியின் ஓரத்தில் ரப்பியா கயிற்றால் கட்டிய ஒரு டின் வெட்டி! எங்கள் வீட்டு மற்ற டின் வெட்டி கீழே தண்ணீருக்கு அடியில் இருந்தது. பாட்டி கைலித் துண்டால் டின்னின் மேல்மூடியை நன்றாகத் துடைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி மறுபடியும் துடைத்துவிட்டுத்தான் திறந்தார். அந்த நேரத்தில் இவ்வளவு சுத்தம் தேவையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஐந்து பேரும் விரலால் எடுத்துத் தின்றோம். பாதியை ராத்திரிக்கு, தம்பிக்காக எடுத்து வைக்கலாம் என்று அம்மா சொன்னபோது பாட்டி விடவில்லை. "ராத்திரிக்கு வேற டின்னு தெறப்போம். இத முடிங்க."

படகு திங்கட்கிழமை காலையில்தான் எங்கள் வரிசைக்கு வந்தது. அதற்குள் ஐந்து டின்கள் காலியாகியிருந்தன. ஆறாவதைப் பாட்டி தன் பையில் போட்டுக்கொண்டு படகில் ஏறினார். துயர் துடைப்பு மையத்தில் சோறு கொடுத்தார்கள். அப்படியும் அவர் அந்த டின்னை விடவில்லை.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. சமையலறை அலமாரி குப்புற விழுந்து கிடந்தது. அதன் அடியில் அப்பாவின் டின்கள். காகித லேபிள் எல்லாம் கரைந்து, வெள்ளி நிறத்தில் வெறும் டின்களாகச் சேற்றில் புதைந்து கிடந்தன. நாங்கள் மெத்தையையும் சோபாவையும் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது பாட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பேசினில் சோப்பு நுரையோடு டின்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவியதை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன். 27.

வெள்ளத் தண்ணீர் பட்ட உணவை எல்லாம் தூக்கிப் போட வேண்டும் என்று கைப்பேசியில் படித்திருந்தேன். சாக்கடை, கழிவுத்தொட்டி, எலிச் சிறுநீர் எல்லாம் கலந்த தண்ணீர் அது. எனக்குப் பயம். நான்கு நாள் தூக்கமும் இல்லை. ஒரு கறுப்புக் குப்பைப் பையை எடுத்து வந்து கழுவியது, கழுவாதது எல்லாவற்றையும் அள்ளிப் போட ஆரம்பித்தேன்.

"பாப்பா, வீங்குன டின்னா இது? ஓட்ட இருக்கா? நல்லாத்தான இருக்கு. நான் பாத்துப் பாத்துத்தான் எடுத்து வச்சேன்."

"பாட்டி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

அதுதான் அந்த வாக்கியம்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். தெருவில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த குப்பையில் 27 டின்களும் போய்ச் சேர்ந்தன. அன்று மாலை ஒரு தொண்டூழியர் குழு வீடு வீடாக உதவிப் பொட்டலம் கொடுத்தது. அரிசி, பிஸ்கட், சமையல் எண்ணெய், நான்கு சார்டின் டின்கள். வாசலில் நின்று வாங்கியது பாட்டிதான். என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

இது நடந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்தில் டின் உணவு பற்றிய விரிவுரை வந்தது. விரிவுரையாளர் குறுக்காக வெட்டிய ஒரு டின்னை வகுப்பில் சுற்றுக்கு விட்டார். உடலும் மூடியும் சேரும் இடத்தில் தகடு தகட்டோடு கோத்து இரண்டு மடிப்பாக மடிந்திருக்கிறது. அதன் பெயர் இரட்டை மடிப்பு. முழு ரகசியமும் அதில்தான் இருக்கிறது. மீனை அடைத்து, மூடியை மடித்து இறுக்கிய பிறகே டின்னை அழுத்தக் கொப்பரையில் ஏற்றி 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். சாதாரணமாகத் தண்ணீர் கொதிக்கும் 100 பாகை போதாது. கிளோஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். காற்றே இல்லாத, புளிப்பு குறைந்த, ஈரமான இடம்தான் அந்தக் கிருமிக்குச் சொர்க்கம். அதாவது மீன் டின்னின் உட்புறம். அங்கே வித்து ஒன்று முளைத்தால் அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கிவிடும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் பார்வை இரட்டையாகும், இமை சரியும், வாய் உலரும், நாக்கு குழறும், விழுங்க முடியாமல் போகும். கடைசியில் மூச்சுத் தசைகளும் நின்றுவிடும். காய்ச்சல் இருக்காது. இப்படித் தெரிந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஒழுங்காகச் சூடாக்கி, ஒழுங்காக மூடிய டின்னுக்குள் உயிருள்ள கிருமி எதுவும் வளர வழியில்லை. அதனால்தான் ஐஸ் பெட்டி இல்லாமலே ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல் கெடாமல் வைப்பது ஏதோ மருந்து அல்ல. மூடியிருப்பதுதான் அதைக் காக்கிறது. மடிப்பில் ஊசி முனை அளவு வழி கிடைத்தாலும் கதை மாறிவிடும். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரே ஒரு சால்மன் டின்னைப் பகிர்ந்து தின்ற நான்கு பேரைப் போட்டுலினம் நஞ்சு தாக்கியது. இருவர் இறந்தார்கள். டின்னில் இருந்த ஒரு சிறு ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போயிருந்தது.

பாட்டி மூடியை ஏன் அழுத்திப் பார்த்தார் என்று அந்த வகுப்பில்தான் புரிந்தது. நல்ல டின்னின் உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்கும். அதனால் மூடி தட்டையாகவோ, லேசாக உள்வாங்கியோ அசையாமல் இருக்கும். உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகும்போது முதலில் மூடி தளர்ந்து 'டக்' என்கிறது. பிறகு வீங்குகிறது. தக்காளிக் குழம்பின் புளிப்பு தகட்டை அரித்து அதனால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி வீங்குவதும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வீங்கியது என்றால் வேண்டாம், அவ்வளவே. விளிம்பில் நசுங்கியதைப் பாட்டி எடுக்காததும் சரிதான். மடிப்பு அங்கேதான் இருக்கிறது. உடலின் நடுவில் விரல் படியாத அளவுக்கு லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. கூர்மையாக, விரல் உள்ளே போய் உட்காரும் அளவுக்குக் குழிந்திருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். துணியால் துடைத்தால் போகிற துரு ஒன்றும் செய்யாது. தகட்டைக் குழி பறித்த துரு ஆபத்து.

இதெல்லாம் சரி, மூக்கை நம்பலாமா? நம் வீடுகளில் திறந்து முகர்ந்து பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. திறக்கும்போது சீறி அடித்தாலோ, நுரைத்தாலோ, நாறினாலோ கெட்டுவிட்டது என்பது உண்மை. நாறாவிட்டால் நல்லது என்பது உண்மையல்ல. போட்டுலினம் நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. சந்தேகமான டின்னை நாக்கில் தொட்டுப் பார்ப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

அதே விரிவுரையின் கடைசியில் வெள்ளத்தில் நனைந்த டின்களை என்ன செய்வது என்று ஒரு படவில்லை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நசுங்காத, கசியாத, முழுவதும் தகட்டாலான டின்களைக் காப்பாற்றலாம் என்று இருந்தது. லேபிளை உரித்து, விவரத்தைக் குறித்துக்கொண்டு, சேறு போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு 2 நிமிடம் கொதிநீரில் போட வேண்டும். அல்லது ஏறக்குறைய 4 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மணமில்லாத குளோரோக்ஸ் கலந்து 15 நிமிடம் ஊற வைக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது காற்றில் உலர்த்தி, பெயரையும் தேதியையும் மார்க்கர் பேனாவால் எழுதி, சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட வேண்டும். இழுத்துத் திறக்கும் வளையம் வைத்த டின்களையும் திருகுமூடிப் போத்தல்களையும் மட்டும் எறிந்துவிட வேண்டும். அந்த மூடிகளின் இடுக்கில் புகுந்த அழுக்கைச் சுத்தப்படுத்த முடியாது.

பாட்டி சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தது என் கண்முன் வந்தது. அவர் பாதி வேலையைச் செய்து முடித்திருந்தார். மீதிக்கு ஒரு மேசைக்கரண்டி குளோரோக்ஸ் போதும். அன்று தரையைக் கழுவ அப்பா வாங்கி வைத்த குளோரோக்ஸ் போத்தல் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது! 27இல் வளையம் வைத்தவை பத்து இருக்கலாம், நசுங்கியவை மூன்று நான்கு. மற்றவற்றை நான் பயத்தில் எறிந்திருக்கிறேன். அந்த மாதம் அப்பாவுக்கு வேலைக்குப் போக மோட்டார்சைக்கிள் இல்லை. அது வேறு கதை.

என் பயம் முழுதும் தவறு என்று சொல்லமாட்டேன். வெறும் சோப்பில் கழுவி அடுக்கியிருந்தால், வளையம் வைத்ததையும் சேர்த்துத் திறந்து தின்றிருந்தால், வேறு விதமான கட்டுரை எழுதியிருப்பேன். ஆனால் "உங்களுக்குத் தெரியாது" என்று சொன்ன எனக்கு அன்று என்ன தெரிந்திருந்தது? ஒரு கைப்பேசிச் செய்தியின் முதல் வரி தெரிந்திருந்தது. பாட்டிக்கு 60 ஆண்டு டின் தெரிந்திருந்தது.

விடுதிக்கு வருவோம். இரண்டாம் ஆண்டில் என் அறைத்தோழி ஒருத்தி மத்தியானம் டின் சார்டினில் பாதியைச் சாப்பிட்டு, மீதியை மேசை மேல் அப்படியே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அறையில் குளிர்சாதனம் இல்லை, மின்விசிறி மட்டும்தான். இரவு பசித்தபோது மீதியை மேகியில் கலந்து நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட்டாள். நாற்றம் எதுவும் இல்லை. மிளகு கடித்ததுபோல நாக்கு சுர்ரென்கிறது என்று மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. பதறிப் போய்க் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். மருத்துவர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு, இது மீன் ஒவ்வாமை போலத் தெரியும், ஆனால் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சார்டின், கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருளை, வெப்பமான இடத்தில் வளரும் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைக் கொதிக்க வைத்தும் அழிக்க முடியாது. பொரித்தாலும் போகாது, டின்னில் அடைத்து 121 பாகைக்குச் சூடாக்கினாலும் போகாது.

"தெறந்த டின்னுக்கு ராத்திரி கெடயாது" என்ற வாசகம் எனக்கு அந்தக் கிளினிக் நாற்காலியில்தான் முழுமையாக விளங்கியது. மூடியிருக்கும் வரை அது டின். திறந்த நிமிடத்திலிருந்து அது வெறும் சமைத்த மீன். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. மிஞ்சினால் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மூடி, ஐஸ் பெட்டியில் 4 பாகைக்குக் கீழே வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். டின்னோடு வைப்பதால் உடனே நஞ்சாகிவிடாது. ஆனால் காற்றுப் பட்டதும் தகடு குழம்பில் கரைய ஆரம்பிக்கும். நான் சிறுவயதில் ருசி என்று நினைத்த அந்த இரும்பு வாடை அதுதான். விடுதியின் பொது ஐஸ் பெட்டி அடிக்கடி திறந்து மூடப்படுவதால் குளிர்ச்சியே இருக்காது. அதை நம்புவதைவிடச் சிறிய டின்னாக வாங்கி ஒரே வேளையில் முடிப்பது புத்திசாலித்தனம். அல்லது பக்கத்து அறையைக் கூப்பிடுங்கள். சார்டினுக்கு வர மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் சொன்னேன். வெள்ளத்து டின்களில் பாதிக்கு மேல் நன்றாகத்தான் இருந்தன, நான்தான் தவறாக எறிந்துவிட்டேன் என்றேன். படித்ததை எல்லாம் விளக்கினேன். குளோரோக்ஸ் கணக்கையும் சொன்னேன். பாட்டி வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ பயந்துட்ட. அதுக்கு என்னா இப்ப?" என்றார். கொஞ்சம் கழித்து, "வளையம் வச்ச டின்னு ஆவாதுன்னு ஒங்க வாத்தியாரும் சொல்லிட்டாரா?" என்று கேட்டார். அதில்தான் அவருக்கு மகிழ்ச்சி.

பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துப் பார்த்தோம். ஐந்து டின்கள் புதியவை. ஆறாவதில் லேபிள் இல்லை. மடிப்பைச் சுற்றிலும் துரு குழி விழுந்திருந்தது. படகில் பாட்டியின் பையில் ஏறி, மையத்துக்குப் போய், திரும்பி வந்த டின் அது. மழையில் பை நனைந்து லேபிள் போயிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறார்.

"பாட்டி, இது ஆவாது."

"தெரியும். திங்கறதுக்கா வச்சிருக்கேன்?"

துரு தின்ற டின் என்றைக்காவது கசியும், எறும்பும் பூனையும் வரும் என்று சொன்னேன். இந்த முறை கேட்டுச் சொன்னேன். அள்ளிப் போடவில்லை. அவர் அதைக் கையில் வைத்துச் சிறிது நேரம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இப்படிப்பட்ட டின்னைத் திறந்து சாக்கடையில் கொட்டக்கூடாது. திறக்காமலே இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுக்கிக் கட்டி, நாயும் காக்கையும் கிழிக்க முடியாதபடி மூடி உள்ள குப்பைத்தொட்டியில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மற்ற ஐந்தையும் எடுத்துப் பாட்டியே அழுத்திப் பார்த்தார். நான் தேதியைப் படித்தேன். பாட்டிக்கு மலாய் எழுத்து தெரியாது. 'பாயிக் செபெலும்' என்றால் அந்தத் தேதி வரை நல்ல தரத்தில் இருக்கும், 'தாரிக் லுபுட்' என்றால் அதோடு சரி என்று சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு டின்னின் தலையிலும் ஆண்டையும் மாதத்தையும் தமிழில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன். தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு நான் தமிழில் பெரிய எழுத்தாக எதையும் எழுதியதில்லை. 'பிப்ரவரி' என்பதில் கொஞ்சம் தடுமாறினேன்.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டின்களை 30 பாகைக்குக் குறைவான, குளிர்ந்த, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது பாடம். எங்கள் வீட்டு மாடி, கூரைக்கு நேர் கீழே, மத்தியான வெயிலில் அடுப்பு மாதிரி இருக்கும். கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடம் நல்ல குளிர்ச்சி. அங்கே மாற்றலாமா என்று கேட்டேன்.

"தண்ணி வந்தா?"

என்னிடம் பதில் இல்லை. வெப்பத்தில் இருக்கும் டின் சீக்கிரம் தரம் குறையும், அதனால் தேதி வரும்வரை காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், பழையதைச் சமைத்துவிட்டுப் புதியதை வைப்பது என்று முடிவு செய்தோம். டின் வெட்டியின் ரப்பியா கயிறு இற்றுப் போயிருந்தது. புதுக் கயிறு கட்டினேன்.

"அஞ்சுதான் இருக்கு. நாளைக்குக் கடைக்குப் போனா ஒன்னு வாங்கியா" என்றார் பாட்டி. "அழுத்திப் பாத்து வாங்கு."